கை அசைந்தால் போதுமா?

சில வருஷங்களாகவே மேல்நாட்டுச் சங்கீத உலகத்திலிருந்து விசித்திரமான சமாசாரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பாடகி ஒருவர் மேடைக்கு வருகிறார். பக்கத்தில் வாத்தியம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இரண்டு கைகளிலும் உறை மாட்டியிருக்கிறார். விரலை மடக்கிக் காற்றில் குத்துகிறார், பறை அதிர்கிறது. உள்ளங்கையை விரிக்கிறார், பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் குரல் எதிரொலிக்கிறது. சுட்டுவிரலை வலப்பக்கம் நீட்டினால் ஒலியும் வலப்பக்கமே ஓடுகிறது. இன்னொரு மேடையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு, அதைச் சாய்த்தும் குலுக்கியும் ஊதியும் கச்சேரி செய்கிறார்கள். மூன்றாவது ஓர் இடத்தில் மேடையில் ஆளே இல்லை. ஆளைப்போன்ற உருவம் மட்டும் ஆடிப் பாடுகிறது. ஜனங்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்கிறார்கள்.

இவற்றைப் படங்களாகப் பார்த்த நண்பர்கள் சிலர், “இதெல்லாம் சங்கீதமா?” என்று என்னைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். அயல்நாட்டுப் பிடிலை நாம் சுவீகாரம் எடுத்துக்கொண்டு இருநூறு வருஷம் ஆகிறது. அன்றைக்கும் யாராவது ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்டிருப்பார். எந்தக் கருவியிலிருந்தும் சங்கீதம் வரலாம், வராமலும் போகலாம். நான் கேட்க விரும்புவது வேறு. மேடையில் நிற்கிற மனிதர் இந்த நிமிஷத்தில் வாசிக்கிறாரா, அல்லது வாசிப்பதுபோல் கையை ஆட்டுகிறாரா? அவர் கை பிசகினால் எனக்குத் தெரியுமா? அதாவது, அவரால் தப்பு செய்ய முடியுமா?

நம் பாடகர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டா பாடுகிறார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். தோடியில் காந்தாரத்தைப் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கயிற்றை முறுக்குகிறார்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பரணில் இருக்கும் பானையை எடுப்பதுபோல் எக்குகிறார்கள். சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே சங்கீத ரத்னாகரத்தில் பாடகர்களின் குற்றங்களைப் பட்டியல் போட்டபோது, கண்ணை மூடிக்கொள்வதையும் கழுத்தைக் கோணுவதையும் விடவில்லை. ஆனால் அந்தக் கை பாட்டை உண்டாக்குவதில்லை. பாட்டுத்தான் கையை இழுத்துக்கொண்டு போகிறது. தாளம் போடும் கை வேறு விஷயம். அதில் பொய் சொல்ல முடியாது. அரை அட்சரம் தவறினால் முன் வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிற கனவான் அக்கணமே நிமிர்ந்து பார்ப்பார். இந்த இரண்டு வகைக் கைகளுள் மேல்நாட்டாரின் புதிய கை எந்த வகை என்பதே விசாரணைக்கு உரியது.

இந்த வித்தைக்கு மூலபுருஷர் ஒரு ருஷ்யர். லெவ் தெர்மின் என்று பெயர். பெத்ரோகிராட் நகரத்துப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். செல்லோ வாத்தியம் பயின்றவர். 1920-ஆம் வருஷ வாக்கில் வாயுக்களின் மின்குணத்தை அளக்க ஒரு யந்திரம் அமைத்துக்கொண்டிருந்தபோது, அதன் அருகே தம் கை போனால் அது எழுப்பும் ஓசை ஏறுவதையும் விலகினால் இறங்குவதையும் கவனித்தார். வேறொருவராயிருந்தால் யந்திரத்தைத் திட்டியிருப்பார். செல்லோ தெரிந்தவரானபடியால் இவர் அதில் ஸ்வரத்தைத் தேடினார். அப்படிப் பிறந்ததுதான் அவர் பெயரையே தாங்கிய தெர்மின் வாத்தியம். ஒரு மரப்பெட்டி, அதிலிருந்து நெட்டாக ஒரு கம்பி, பக்கவாட்டில் வளையமாக ஒரு கம்பி. நெட்டுக் கம்பியை வலக்கை நெருங்க நெருங்க ஸ்வரம் மேலே போகும். வளையத்தை இடக்கை நெருங்கினால் ஓசை அடங்கும், தூக்கினால் வளரும். கை எதையும் தொடுவதில்லை. பெட்டிக்குள் காதுக்கு எட்டாத இரண்டு வானொலி அலைகள் ஓடுகின்றன. கை நெருங்கும்போது அவற்றுள் ஒன்று கொஞ்சம் மாறுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் காதில் விழுகிறது. 1922-இல் லெனினே இதை வாசித்துப் பார்த்தாராம்.

அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியார் 1929-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முணுமுணுக்கவோ சீட்டியடிக்கவோ தெரிந்த எவரும் வாசித்துவிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். சுமார் 500 பெட்டிகளுடன் வியாபாரம் நின்றுபோயிற்று. பணமுடை பிடித்த காலம் என்பது ஒரு காரணம். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையை நீட்டிப் பார்த்தபோது நாய் ஊளையிடுவதுபோல் சத்தம் வந்தது இன்னொரு காரணமாக இருக்கும். பிடிலில் விரலுக்கு அடியில் தந்தியாவது இருக்கிறது. தெர்மினில் காற்றுத்தான் இருக்கிறது. எங்கே ஷட்ஜம், எங்கே பஞ்சமம் என்று சொல்ல ஒரு கோடு கிடையாது, மேடு கிடையாது. காது ஒன்றுதான் வழிகாட்டி. உடம்பு அரை அங்குலம் சாய்ந்தால் சுருதி போய்விடும்.

அந்த வாத்தியத்தைச் சங்கீதமாக்கியவர் கிளாரா ராக்மோர் அம்மையார். 1911-இல் வில்னா நகரத்தில் பிறந்தவர். சின்னஞ்சிறு பிராயத்திலேயே பிடில் மேதை என்று பெயர் எடுத்தவர். இளமையில் சாப்பாட்டுக் கஷ்டத்தால் எலும்பு பலம் குன்றிப் பிடிலை வைத்துவிட நேர்ந்தது. அப்புறம் நியூயார்க்கில் தெர்மினின் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். தமக்கு வேண்டிய விதமாக வாத்தியத்தை அவரைக்கொண்டே திருத்திச் செய்துகொண்டார். ஸான்-ஸான்ஸ் இயற்றிய அன்னப் பாட்டை அவர் வாசிக்கும் பழைய படச்சுருள் ஒன்று இருக்கிறது. அவருடைய சகோதரி நாடியா ரைஸன்பர்க் பியானோ வாசிக்கிறார். நேயர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். அம்மையார் சிலைபோல் நிற்கிறார். தலை அசையவில்லை, தோள் அசையவில்லை, மூச்சுக்கூடக் கணக்காகத்தான் விடுகிறார் என்று தோன்றுகிறது. வலக்கை விரல்கள் மட்டும் மடிந்தும் பிரிந்தும் காற்றில் படிக்கட்டு ஏறுகின்றன. விரல் பிரிகிற அளவுதான் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள தூரம். அந்த முறையை அவரே கண்டுபிடித்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். தெர்மினில் சும்மா கையை நகர்த்தினால் ஓசை வழுக்கிக்கொண்டே போகும். மேல்நாட்டு இசைக்கு அது ஆபத்து. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் சுத்தமாகக் கால் வைக்க வேண்டும் என்பதற்காகவே அம்மையார் ஆயுள் முழுவதும் அந்த வழுக்கலோடு போராடினார். நமக்கோ வழுக்கல்தான் பிராணன். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறோம் என்பதில்தானே ராகம் இருக்கிறது? நம்மவர் யாராவது இந்தப் பெட்டியை எடுத்துப் பத்து வருஷம் அசுர சாதகம் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததுண்டு. பத்து வருஷம் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

தெர்மின் இன்னொரு சோதனையும் செய்தார். டெர்ப்ஸிடோன் என்று ஒரு மேடை கட்டினார். அதில் ஏறி நின்று ஆடினால் உடம்பு உயர்வதற்கும் தாழ்வதற்கும் ஏற்ப ஸ்வரம் பிறக்கும். நர்த்தகி ஆடுகிற ஆட்டமே பாட்டாகிவிடும். கேட்பதற்கு எவ்வளவு அழகான யோசனை! ஆனால் நர்த்தகிகள் ஏறி ஆடியபோது பாட்டு வரவில்லை. அவர்கள் உடம்புக்கு ஆட்டம் தெரிந்தது, சுருதி தெரியவில்லை. கடைசியில் 1932-இல் கார்னகி மண்டபத்தில் அதன்மேல் நின்று வாசித்துக் காட்டியவர் நம் ராக்மோர் அம்மையார்தான். ஆடத் தெரிந்தவர்களைவிட அசையாமல் நிற்கத் தெரிந்தவருக்கே அந்த மேடை கட்டுப்பட்டது.

பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதனால் விஷயமே தலைகீழாக மாறிவிட்டது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தெர்மினில் கைக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பௌதிக சாஸ்திரம் நிர்ணயித்தது. யாரும் மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் வந்தபின், கை அசைவு முதலில் எண்ணாக மாறுகிறது. அந்த எண்ணைக்கொண்டு என்ன செய்வது என்பது எழுதுகிறவர் இஷ்டம். கையைத் தூக்கினால் ஸ்வரம் ஏறலாம், இறங்கலாம், ஏற்கெனவே பதிவு செய்து வைத்த முப்பது பிடில்கள் ஒரே சமயத்தில் முழங்கலாம். இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி. அசைவுக்கும் ஓசைக்கும் நடந்த கல்யாணம் ரிஜிஸ்தர் கல்யாணம்கூட இல்லை. எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் ஒப்பந்தம். சபையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் தெரியாது.

இந்த ஆபத்தை முதலில் நன்றாக உணர்ந்தவர் டச்சுக்காரர் மிஷெல் வைஸ்விஸ். ஆம்ஸ்டர்டாமில் ஸ்டைம் என்ற மின்னிசைக் கூடத்தை நடத்தியவர். 1984-இல் அவர் ‘தி ஹாண்ட்ஸ்’, அதாவது ‘கைகள்’, என்று ஒரு கருவியை அரங்கேற்றினார். இரண்டு கைகளிலும் கட்டிக்கொள்ளும் சட்டங்கள். விரல்களுக்குப் பொத்தான்கள், கை சாய்வதை அறியப் பாதரசக் குமிழ்கள், இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை, வௌவால் அளப்பதுபோல், காதுக்குக் கேட்காத ஒலியைக்கொண்டு அளக்கும் ஏற்பாடு. அவர் வாசிப்பதைப் படத்தில் பார்த்தால் மல்யுத்தம் ஞாபகத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ராட்சதக் கோழியைப் பிடித்து அமுக்குவதுபோல் இழுக்கிறார், நெரிக்கிறார், உதறுகிறார். சில இடங்களில் ஓசை காதைக் கிழிக்கிறது; எனக்கு ருசிக்கவில்லை என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் மனிதரை நம்பினேன். ஓசை பெருகும்போது அவர் தசையும் முறுகுகிறது. கேட்கிறவனுக்குச் சங்கீதம் புலப்பட வேண்டுமானால் வாசிக்கிறவனுடைய பிரயாசை அதில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதைவிட முக்கியம், கருவியை ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அதை வாசிக்கப் பழகினார். தினம் ஒரு புதுப் பிடில் வாங்குகிறவன் என்றைக்குப் பிடில் கற்பது? 2008-இல் காலமாகும் வரையில் இருபது வருஷங்களுக்குமேல் அந்தக் கைகளோடுதான் வாழ்ந்தார்.

பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லெடீஷியா ஸோனாமி அம்மையார் 1991-இல் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறையில் காந்தமும் சென்சாரும் வைத்துத் தைத்துக்கொண்டு மேடை ஏறினார். யந்திர மோகம் கொண்ட ஆண்பிள்ளைகளைப் பரிகாசம் செய்யத் தொடங்கியது, பிறகு பல வருஷத்து வாத்தியமாகிவிட்டது. அவருடைய கை மிருதுவான கை. கதை சொல்லும் கை. வைஸ்விஸைக் கேட்டுக் காது வலித்தவர்கள் இவரிடம் போகலாம்.

இப்போது புகழ் பெற்று விளங்குகிறவர் இங்கிலீஷ்காரியான இமொஜென் ஹீப். மிமு கையுறைகள் என்பவை அவரும் அவருடைய கோஷ்டியாரும் சேர்ந்து உருவாக்கியவை. விரல் மடிவதை அறியும் பட்டைகள், மணிக்கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு சிறு கருவி, கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும் வசதி எல்லாம் அதில் உண்டு. 2012-இல் லண்டன் மகாநாடு ஒன்றில் அவர் செய்து காட்டியதைப் பார்த்தேன். பாடிக்கொண்டே கையை மூடித் தம் குரலில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறார். அது திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதன்மேல் இன்னொரு துண்டை அடுக்குகிறார். ஐந்து நிமிஷத்தில் ஒரே பெண்மணி ஒரு பஜனை கோஷ்டி ஆகிவிடுகிறார். நல்ல குரல், நல்ல சங்கீத ஞானம், பாசாங்கு இல்லாத முகம்.

குற்றம் எங்கே என்றால், அவருடைய கை பாதி நேரம் சங்கீதம் செய்யவில்லை, பாடம் நடத்துகிறது. “இதோ, இப்படிச் செய்தால் இப்படி வரும்” என்று சபையோருக்குக் காட்டியாக வேண்டியிருக்கிறது. காட்டாவிட்டால் யாருக்கும் புரியாது. ஆகவே ஒவ்வொரு அசைவும் தேவைக்குமேல் பெரிதாகிறது. எதிரொலி வேண்டுமென்றால் வானத்தையே திறப்பதுபோல் இரு கையையும் விரிக்கிறார். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு தேவையில்லை; விரல் நுனி அசைந்தாலே அது தெரிந்துகொள்ளும். அந்த விரிப்பு நமக்காக. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராக்மோர் அம்மையாரின் விரல் யாருக்காகவும் பெரிதாகவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை. ஹீப் எனக்கு முழுத் திருப்தி அளித்தது, கையுறைகளை வைத்தே இயற்றிய ‘மி த மெஷின்’ என்ற பாட்டில்தான். அங்கே கைக்குப் புது வேலை எதையும் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டும் கையும் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன. இதே உறையை 2015-இல் பெரிய பெரிய அரங்கங்களில் அரியானா கிராண்டே என்ற பாடகி மாட்டிக்கொண்டு பாடினார். அந்த வெளிச்சத்திலும் கூச்சலிலும் எந்தக் கை எந்த ஒலியை எழுப்பியது என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. அவர் வெறுங்கையோடு பாடியிருந்தாலும் கைதட்டலில் ஒன்று குறைந்திருக்காது.

கை அசைந்ததற்கும் ஓசை எழுவதற்கும் நடுவில் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிற நேரம் ஒன்று இருக்கிறது. பத்து மில்லி செகண்டுக்குள் அது முடிந்துவிட வேண்டும் என்று கருவி செய்கிறவர்கள் பாடுபடுகிறார்கள். பத்து மில்லி செகண்டில் ஒலி ஏறக்குறைய மூன்றரை மீட்டர் போகும். அதாவது மிருதங்கக்காரர் மேடையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தால் எவ்வளவு தாமதமோ அவ்வளவு. அதற்குமேல் போனால் வாசிக்கிறவனுடைய கை தயங்க ஆரம்பிக்கும். தயங்கிய கை மெத்தனமான ஒலிகளையே தேடிக்கொள்ளும். காற்றில் வாசிக்கிற கச்சேரிகளில் இவ்வளவு மேகமூட்டமான இசை ஏன் என்று யோசித்ததுண்டு. இது ஒரு காரணமாக இருக்கலாம்.

செல்போன் கதைக்கு வருவோம். 2001 செப்டம்பரில் ஆஸ்திரியா தேசத்து லின்ஸ் நகரத்தில் கோலன் லெவின் என்பவர் ஒரு கச்சேரி நடத்தினார். வந்தவர்களில் 200 பேருடைய போன் நம்பர்களை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, போன்களுக்கு வேறு வேறு மணி ஓசைகளை ஏற்றி, இன்னாருக்கு இன்ன நாற்காலி என்று வரிசையாக உட்கார வைத்தார். மேடையில் இருந்தவர்கள் நம்பர்களைச் சுழற்றச் சுழற்ற, சபையில் அங்கும் இங்குமாகப் போன்கள் ஒலித்தன. ஒலிக்கிற போன்காரர்மேல் வெளிச்சம் விழுந்தது. வயலில் தவளைகள் மாறி மாறிக் கத்துவதுபோல் சுகமாகவே இருந்திருக்க வேண்டும். சபையிலிருந்து மணியடித்தால் வித்வான் முறைக்கிற காலத்தில் அதையே வித்வத்தாக்கியது நல்ல குறும்பு. ஆனால் அந்த 200 பேரும் என்ன செய்தார்கள்? மடியில் போனை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து வாசித்த கச்சேரி என்று இதைச் சொல்வது, நாதஸ்வரக்காரருக்கு விளக்குப் பிடித்தவனும் தோடி வாசித்தான் என்பதைப் போன்றது.

ஏழு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பிள்ளைகள் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கே வாங் முதலியவர்கள் ஆரம்பித்த கோஷ்டி அது. 2008 ஜனவரியில் முதல் கச்சேரி. போனுக்குள் நெல்லின் நொய்யைவிடச் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்று, வில்போன்ற இழைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. போன் சாய்ந்தால் துண்டு நகர்ந்து, பக்கத்துத் தகட்டோடு அதற்குள்ள மின்தேக்கம் மாறுகிறது. தெர்மினுடைய கம்பியருகே கை போனபோது மாறியதும் இதே மின்தேக்கம்தான். பெத்ரோகிராட் பெட்டி சட்டைப் பைக்குள் வந்துவிட்டது என்று சொன்னால் பிசகில்லை. அந்தப் பிள்ளைகளின் இசையில் உழைப்பைவிட உற்சாகம்தான் அதிகம். ஆனால் அதே கே வாங் சேர்ந்து தொடங்கிய ஸ்மூல் கம்பெனி அவ்வருஷம் நவம்பரில் வெளியிட்ட ‘ஒகரினா’ என் மனத்துக்குப் பிடித்தது. போனின் மைக்கில் ஊத வேண்டும். கண்ணாடித் திரையில் நான்கு துளைகள் தெரியும், அவற்றை விரலால் மூட வேண்டும். போனைச் சாய்த்தால் ஸ்வரம் நடுங்கும். விளையாட்டுச் சாமான்தான். இருந்தாலும் மூச்சு நின்றால் ஓசை நிற்கிறது. ஊதத் தெரியாதவன் ஊதினால் தெரியாதவன் ஊதியதாகவே கேட்கிறது. திருவிழாவில் வாங்கிய புல்லாங்குழலுக்குள்ள கண்ணியம் அதற்கு உண்டு.

ஆளில்லாத மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. ஸ்வீடன் தேசத்து ஆபா கோஷ்டியார் நால்வரும் வயதானபின், ஐந்து வாரம் ஒரு கூடத்தில் விசேஷ உடுப்பு மாட்டிக்கொண்டு பாடி ஆடினார்கள். 160 காமிராக்கள் அவர்களுடைய ஒவ்வோர் அசைவையும் பிடித்தன. இளம் ஆட்டக்காரர்களின் உடம்பசைவையும் சேர்த்துக்கொண்டு, யௌவன காலத்து முகங்களை அதன்மேல் பூட்டினார்கள். 2022 மே மாதம் லண்டனில் இதற்கென்றே 3,000 பேர் கொள்ளும் கொட்டகை கட்டித் திறந்தார்கள். கண்ணீர் விட்டவர்கள் உண்டு என்கிறார்கள். நம்புகிறேன். சினிமா பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அங்கே கை அசைந்தது வேறு ஒரு நாளில். நாளைக்கும் அதே இடத்தில் அதே அளவு அசையும். சபை தூங்கினாலும் அசையும். ஜலதோஷம் வராது, சுருதி இறங்காது, முன் வரிசைக் கனவான் நிமிர்ந்து பார்க்க அங்கே வேலையே இல்லை.

அந்தக் கொட்டகையைக் கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஏனென்றால், உருவங்களை மட்டும் ஆடவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பத்துப் பேர் கொண்ட வாத்திய கோஷ்டி ஒன்றை நிஜமாகவே மேடையில் வைத்தார்கள். ரத்தமும் சதையுமான பத்துப் பேர். அவர்களுடைய தந்தி அறுந்துபோகலாம், விரல் வழுக்கலாம், ஒருவர் முந்தி இன்னொருவர் பிந்தலாம். அங்கே போகிற நேயர் யாராவது இருந்தால், டிக்கெட் வாங்கும்போது அவர்கள் உட்காரும் பக்கம் எது என்று கேட்டு, அந்தப் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளட்டும்.